திருட்டுப் பழி போட்டு வேலையை விட்டு நீக்கினால்: கேட் சோதனையிலிருந்து தீர்ப்பாயம் வரை

ஒரு துண்டு செம்புக் கம்பி, அரை லிட்டர் தின்னர், கழித்துப் போட்ட ஒரு பேரிங். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறக்கிறார், மாலைக்குள் சஸ்பென்ஷன் ஆர்டர் கைக்கு வருகிறது. பொருளின் மதிப்பு சில நூறு ரூபாய் தேறினால் அதிகம். போவதோ பத்துப் பதினைந்து வருட சர்வீஸ். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் கேட்டிலேயே, பதற்றத்தில் எழுதிக் கொடுத்த ஒரு தாளிலேயே கெட்டுப்போகின்றன. அதனால் முதல் நாளைப் பற்றியும், நிர்வாகமே நடத்தும் உள்விசாரணையைப் பற்றியும்தான் இங்கே அதிகம் இருக்கும்.

இது தமிழ்நாட்டில் சங்கம் உள்ள தனியார் தொழிற்சாலைத் தொழிலாளிக்கானது. அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. 2025 நவம்பர் 21 முதல், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 வந்துவிட்டது. சங்க அலுவலகத்தில் இன்னும் பழைய சட்டத்தின் பிரிவு எண்களைச் சொல்லி ‘2ஏ’, ‘11ஏ’, ‘33’ என்றுதான் பேசுவார்கள். உரிமைகள் பெரும்பாலும் தொடர்கின்றன, காலக்கெடு மட்டும் சுருங்கியிருக்கிறது.

படி 1: கேட்டில்

செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்து இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். ஒன்று மன்னிப்புக் கடிதம், இன்னொன்று ராஜினாமா. “எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, போலீசுக்குப் போக மாட்டோம்” என்று இதமாகவே சொல்வார்கள். மன்னிப்புக் கடிதம் பின்னால் ஒப்புதல் வாக்குமூலமாக விசாரணைக் கோப்பில் வந்து உட்காரும். ராஜினாமா அதைவிட மோசம். நிர்வாகம் உங்களை நீக்கவே இல்லை, நீங்களாகப் போய்விட்டீர்கள் என்றாகிவிடும்.

“சங்கப் பிரதிநிதி வந்த பிறகு எழுத்தில் பதில் தருகிறேன்” என்ற ஒரே வாக்கியம் போதும். பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் தாள்) கையெழுத்து கேட்டால், “என் பையிலிருந்து எடுக்கப்படவில்லை” அல்லது “சூப்பர்வைசர் அனுமதியுடன் எடுத்தது” என்று எது உண்மையோ அதை உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? மறுநாளே பதிவுத் தபாலில் மறுப்பு போக வேண்டும். எந்த அறையில், யார் யார் இருக்கும்போது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உட்காரவைத்து, என்ன சொல்லி எழுத வைத்தார்கள் என்ற விவரம் அதில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து விசாரணையில் “மிரட்டி வாங்கினார்கள்” என்றால் அது பிற்பாடு யோசித்துச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

படி 2: சார்ஜ் ஷீட்டைப் பிரித்துப் படியுங்கள்

சார்ஜ் ஷீட் என்பது இங்கே நிர்வாகம் தரும் குற்றச்சாட்டுக் கடிதம். தேதி, நேரம், இடம், பொருள், அளவு, மதிப்பு, நிலையாணையின் (தொழிற்சாலையின் பணி விதிகள்) எந்தப் பிரிவு ஆகிய ஏழும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘கம்பெனிப் பொருள்கள் சிலவற்றை’ என்று மொட்டையாக இருந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதலாம்.

விளக்கம் எழுதும் முன் ஆவணங்களைக் கேளுங்கள்: செக்யூரிட்டியின் புகார், கேட் பதிவேடு, மகஜர், சிசிடிவி பதிவு, ஸ்டோர் இருப்புப் பதிவேடு, நிலையாணை நகல். சிசிடிவிக்கு மட்டும் முதல் நாளே தனிக் கடிதம் கொடுங்கள். பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அழிந்த பிறகு கேட்டால் “இல்லை” என்ற பதிலோடு முடிந்துவிடும். முன்பே கேட்டும் தராமல் அழியவிட்டார்கள் என்றால் அது உங்களுக்குச் சாதகமான வாதம்.

ஆவணம் வரும்வரை விளக்கத்துக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள். ஆனால் கெடு தேதிக்குள் “குற்றச்சாட்டை முழுமையாக மறுக்கிறேன், விரிவான விளக்கம் ஆவணங்கள் கிடைத்த பின்” என்ற இரண்டு வரியாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

படி 3: விளக்கக் கடிதம்

திருட்டு என்றால் பொருள் உங்களிடம் இருந்ததை மட்டும் காட்டினால் போதாது, நேர்மையற்ற எண்ணமும் வேண்டும். எனவே உங்கள் பதில் எந்தத் தடத்தில் போகிறது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பொருள் என்னிடம் இல்லவே இல்லை என்பது ஒரு தடம். இருந்தது, ஆனால் அனுமதியோடு அல்லது எல்லாரும் எடுக்கும் வழக்கப்படி எடுத்தது என்பது இரண்டாவது. மறந்து பையில் தங்கிவிட்டது என்பது மூன்றாவது. இரண்டைச் சேர்த்து எழுதினால் இரண்டுமே சாயும். “நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் அது ஸ்கிராப்தான்” என்ற வரியைத்தான் விசாரணை அதிகாரி அடிக்கோடிடுவார்.

வழக்கம் என்று சொன்னால் அதை நிறுவ வேண்டும். சங்கம் உதவக்கூடிய இடம் இது. கழிவுத் துணியையோ மரத்துண்டையோ கேட் பாஸ் இல்லாமல் எடுத்துச் செல்ல விட்டிருந்த காலம், அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள், அதைத் தடைசெய்து நோட்டீஸ் போட்டார்களா என்ற விவரம் எல்லாவற்றையும் சங்கம் திரட்டித் தரலாம்.

படி 4: பிழைப்பூதியம்

தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், அதன் பின் 180 நாள் வரை 75, அதற்கும் மேல் முழுச் சம்பளம். இழுத்தடிப்பது நீங்கள் என்றால் இந்த உயர்வு கிடைக்காது. தரவில்லை என்றால் மாதாமாதம் எழுத்தில் கேளுங்கள். தங்க உருண்டையும் தங்கம் கலந்த மணலும் வீட்டில் சிக்கியதாகச் சொல்லப்பட்ட பாரத் கோல்டு மைன்ஸ் வழக்கில், பிழைப்பூதியம் இல்லாமல் அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரால் விசாரணைக்கே வர முடியாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1999இல் முக்கியக் குறையாக எடுத்துக்கொண்டது.

படி 5: உள்விசாரணை

புறக்கணிக்காதீர்கள். கோபத்தில் வெளிநடப்பு செய்தால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். ஆட்சேபணை இருந்தால் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுத மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம்.

கூட உதவிக்குச் சக தொழிலாளியையோ சங்க நிர்வாகியையோ வைத்துக்கொள்ளலாம். வக்கீல் உரிமையாகக் கிடைக்காது, ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்தவர் வாதாடினால் நீங்களும் கேட்கலாம். குறிப்புகள் தமிழில் வேண்டும் என்று முதல் அமர்விலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகே கையெழுத்து, நகல் அன்றே.

குறுக்கு விசாரணையில் செக்யூரிட்டியை மடக்கிவிட நினைக்க வேண்டாம். சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். பையைத் திறந்தது யார்? அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் பெயர் என்ன? எடுத்த கம்பியை அளந்தீர்களா, எடை போட்டீர்களா? சீல் வைத்தீர்களா? இன்று இங்கே காட்டுவது அதே கம்பிதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அன்று ஸ்டோரில் இருப்பு குறைந்ததா? “ஏன் பொய் சொல்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள், அது அவருக்கு ஒரு பிரசங்கத்துக்கு இடம் கொடுக்கும்.

இங்கே கிரிமினல் வழக்கின் அளவுக்குச் சந்தேகமற்ற நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று தோன்றினாலே போதும். அதனால் உங்கள் சாட்சிகளை நிறுத்தாமல், நிர்வாகத் தரப்பின் ஓட்டைகளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

படி 6: போலீஸ் வழக்கும் இருந்தால்

இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுவான திருட்டுப் பிரிவில், ரூ.5,000க்குக் குறைவான மதிப்பில் முதல்முறை திருட்டு என்றால், பொருளைத் திருப்பிக் கொடுத்த நிலையில் சமூக சேவைதான் தண்டனை; முதலாளியின் பொருளை ஊழியர் திருடியதாகத் தனிப் பிரிவில் வழக்கு போட்டால் இந்தச் சலுகை இல்லை. “ஒத்துக்கிட்டா லேசா முடிஞ்சிரும்” என்று சொல்பவர்கள் வருவார்கள். முடிவது கிரிமினல் வழக்கு மட்டும்தான். ஒப்புக்கொண்டது குற்றத்தீர்ப்பு, அதை வைத்து வேலையைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். விடுதலை ஆனாலும் வேலை தானாகத் திரும்பிவிடாது, அந்தத் தீர்ப்பை ஆதாரமாகத்தான் வைக்க முடியும்.

படி 7: தண்டனை கட்டம்

விசாரணை அறிக்கையின் நகலும், ஏன் தண்டிக்கக் கூடாது என்று கேட்கும் இரண்டாவது ஷோகாஸ் நோட்டீசும் வரும். இங்கே பழைய வாதத்தையே திரும்ப எழுதுபவர்கள் அதிகம். அது வேண்டும்தான். அதோடு முந்தைய சர்வீஸ், வருகைப் பதிவு, தண்டனை இல்லாத வருடங்கள், இதே குற்றத்துக்கு வேறொருவருக்கு வெறும் இன்கிரிமென்ட் வெட்டு கொடுத்திருந்தால் அந்த ஆர்டர் ஆகியவையும் சேர வேண்டும். சிறு தவறுக்கு, அதன் தன்மையையும் பழைய சர்வீசையும் பாராமல் நீக்குவதை நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்றே சட்டம் பட்டியலிட்டிருக்கிறது.

ஆனால் ‘நூறு ரூபாய்ப் பொருள்தானே’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். நம்பிக்கை போய்விட்டது என்று நிர்வாகம் சொன்னால், மதிப்பு சிறிதென்றாலும் நீக்கத்தை உறுதி செய்த தீர்ப்புகள் ஏராளம்.

படி 8: நீக்கிய பிறகு

ஆர்டரை வாங்க மறுக்காதீர்கள். ஏற்கெனவே சம்பளத் தகராறு போன்ற வேறு தகராறு நிலுவையில் இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். இருந்தால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்தத் தகராறு எங்கே நிலுவையில் இருக்கிறதோ அங்கே நீக்கத்துக்கு ஒப்புதல் கேட்டும் மனு போட வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு. அதைச் செய்யாத நீக்கம் நிற்காது.

அடுத்தது தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். முன்பு 3 ஆண்டு இருந்தது, புதிய சட்டத்தில் தகராறு எழுந்து 2 ஆண்டு தாண்டினால் அவர் எடுக்க முடியாது. சமரசம் முறிந்தால் அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்தில் மனு. “மேனேஜ்மென்ட்டோட பேசிக்கிட்டிருக்கோம்” என்று சங்கத் தலைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இந்த நாள்கள் ஓடிவிடும். மனுவைப் போட்டுவிட்டே பேசச் சொல்லுங்கள். தனிநபர் நீக்கத்துக்குச் சங்கத்தின் கையெழுத்து கட்டாயமில்லை.

மனுவில் பலர் விடும் ஒரு வரி: நீக்கிய நாள் முதல் வேறு வேலையில் வருமானம் இல்லை என்பது. பின்சம்பளம் (வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம்) கேட்க அது வேண்டும். உள்விசாரணை செல்லாது என்று தீர்ப்பாயம் சொன்னாலும் அத்துடன் முடிந்துவிடாது. தன் பதிலுரையில் கேட்டிருந்தால் நிர்வாகம் அங்கேயே புதிதாகச் சாட்சி கொண்டுவரலாம். உங்கள் சாட்சிகளின் தொடர்பை விட்டுவிடாதீர்கள்.

நடுவில் சமாதானப் பேச்சு வரும், பின்சம்பளத்தை விட்டுக்கொடுத்தால் வேலை என்று. ஏற்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒப்பந்தத்தில் ‘பணித் தொடர்ச்சியுடன்’ என்ற சொல் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிராஜுவிட்டிக்குச் சர்வீஸ் புதிதாகத் தொடங்கியதாகிவிடும். வேலை வேண்டாம், பணம் போதும் என்று முடித்துக்கொள்பவர்கள், திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்படுவதாகவும் கிராஜுவிட்டி முழுதாகத் தரப்படுவதாகவும் எழுதி வாங்க வேண்டும். ஒழுக்கக்கேடான குற்றம் என்று சொல்லிக் கிராஜுவிட்டியைப் பிடித்துக்கொள்ளக் கிரிமினல் தண்டனை தேவையில்லை என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.