கல்பாசியில் தொடங்குவோம்: புளோக்கின் கீழே லைக்கன் பார்ப்பது எப்படி?

செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் பிரிக்க முடியாமல் சேர்ந்து வாழும் உயிர் அது. அதனால் முதல் படி சமையலறையில்தான்; பிறகு நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் மரங்களுக்குப் போவோம்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கிய கல்பாசியில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு. தண்டும் கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. காய்ந்திருக்கும்போது அழுத்தினால் நொறுங்கும். சிறிது நேரம் தண்ணீரில் ஊறினால் மெத்தென்று வளையும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முகத்தை மரத்தருகே கொண்டு போங்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெளியாது.

இனி மரம். வழவழப்பான பட்டை, ஓரளவு வெயில் படும் பக்கம். கம்போங் கிளாம் வட்டாரத்துக்குப் பெயர் தந்த கெலாம் மரம் வேண்டாம், அதன் பட்டை தாள்தாளாக உரிந்துவிடும். நம் புளோக் மரங்களில் இருப்பவை பெரும்பாலும் கல்பாசி மாதிரி இலைவடிவில் இருக்காது. சுண்ணாம்பு தெறித்ததுபோல் பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். சில திட்டுகளில் பேனாவால் கிறுக்கிய மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் நிதானமாகப் பாருங்கள். அது கிராஃபிஸ் என்ற லைக்கன் வகையாக இருக்கலாம். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் மெல்லிய பிளவு ஓடும். பூஞ்சையின் வித்துகள் வெளியேறும் வழி அது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பல லைக்கன்கள் சட்டென்று பச்சையாகும்: நனைந்த மேல்தோல் ஒளிபுகும்படி ஆகி, உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது.

குட்டி இலைகளும் தண்டும் தெரிந்தால் அது லைக்கன் அல்ல, மாஸ் (moss) என்ற சிறு செடி. மழைக்காலத்தில் மெல்லிய காம்பின் நுனியில் வித்துப்பை நிற்பதையும் பார்க்கலாம். ஈரச் சுவரில் படியும் ஆரஞ்சு நிறமோ துரு அல்ல, பெரும்பாலும் டிரென்டிபோலியா என்ற பாசி. பச்சைப்பாசி இனம்தான், கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. கிராஃபிஸுக்குள் வாழ்வதும் இந்தக் குடும்பத்துப் பாசியே.

எதையும் சுரண்டி எடுக்காதீர்கள். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் அனுமதியில்லாமல் செடிகொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்த மரம், எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி எடுத்தால், திட்டின் ஓரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கலாம்.