டயர் அழுத்தம்: வேகக் கார்களில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

'என் காருக்கு 34 வைக்கிறேன், நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்டவரும் 34 வைப்பார். காரும் டயரும் ஒன்றாகவே இருந்தாலும்கூட, முதலாமவர் காலையில் அளந்தாரா, ஓட்டி வந்து அளந்தாரா, தனியாக ஓட்டுகிறாரா, நால்வரோடு ஓட்டுகிறாரா என்பது தெரியாமல் அந்த 34-க்குப் பொருளே கிடையாது. பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) எண்ணோடு வெப்பநிலையும் சுமையும் வேகமும் சேர வேண்டும். கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை மறப்பதால் வருபவை.

பக்கச்சுவரில் உள்ள எண்ணை நம்புவது

டயரின் பக்கச்சுவரில் உச்ச அழுத்தம் என்று 50 அல்லது 51 பிஎஸ்ஐ பொறித்திருப்பதைப் பார்க்கலாம். அது டயருக்கான வரம்பு, காருக்கான அளவு அல்ல. அந்த டயர் எந்தக் காரில் ஏறப்போகிறது என்பது அதைச் செய்தவருக்குத் தெரியாது. காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-க்கு அது நான்கு சக்கரத்திலும் 26 பிஎஸ்ஐ மட்டுமே. ஒரு டன்னுக்கும் குறைவான எடை என்பதால் அது போதும். 'வேகக் கார்தானே' என்று அதில் 36 ஏற்றினால், மேடுபள்ளத்தில் டயர் துள்ளித் தரையை விடும்.

ஒட்டியிருக்கும் அட்டவணையை முழுதாகப் படியுங்கள். இருவர் செல்லும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என இரண்டு வரிகள் இருக்கும். சில கார்களில் மிகை வேகத்துக்குத் தனியாக ஒரு வரியும் உண்டு. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, பெட்டி படுக்கையோடு நால்வர் நெடுஞ்சாலையில் பறப்பதுதான் டயரை உள்ளேயிருந்து கொல்லும் பழக்கம்.

சூடாக இருக்கும்போது அளந்து, காற்றை இறக்குவது

அட்டவணை அளவுகள் குளிர்ந்த டயருக்கானவை. குறைந்தது 3 மணி நேரம் நின்ற கார், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார் என்பது அதன் பொருள். 20 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ காட்டும் டயர், உள்ளிருக்கும் காற்று 60 டிகிரியை எட்டும்போது 38-ஐத் தாண்டும். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான மிச்சத்தைத்தான். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த ஏற்றம் சரியாக வரும். 38-ஐப் பார்த்துப் பதறி 32-க்கு இறக்கினால், மறுநாள் காலை டயரில் 27 கூட இருக்காது.

காற்று நிரப்பும் இடம் தொலைவில் இருந்தால் வழி இது: வீட்டிலேயே குளிர்ந்த நிலையில் அளந்து குறையைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டியது 33, இருப்பது 29 என்றால் குறை 4. அங்கே போனதும் மானி 32 காட்டினால் 36 வரை ஏற்றுங்கள். மறுநாள் காலை சரிபாருங்கள். ஒரு பக்கச் சக்கரங்கள் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் நிற்கும்போது அளப்பது வீண்வேலை.

பருவம் மாறும்போதும் இதே கணக்குத்தான். வெப்பம் 20 டிகிரி இறங்கினால் மூன்றரை பிஎஸ்ஐ வரை தானாகக் குறையும். பழுதே இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும்.

முன்னும் பின்னும் ஒன்றே என்று வைப்பது

இதன் விலையைக் காட்டிய கார் 1960 மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேர். எஞ்சின் பின்னால் இருந்ததால் எடையும் பின்னால்தான். அதற்குத் தரப்பட்ட குளிர் அளவு முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ. தவறாக அச்சான எண் போலத் தோன்றினாலும், காரின் நிதானமே இந்த இடைவெளியைச் சார்ந்திருந்தது. காற்று குறைந்த முன் டயர் வளைவில் சற்று அதிகமாக நழுவும். அதனால் பின்பகுதி முந்திக்கொண்டு வழுக்காது. வழக்கப்படி நான்கிலும் ஒரே அளவு ஏற்றியவர்களுக்கு அந்தக் காப்பு போய்விட்டது.

இன்றைய கார்களில் வித்தியாசம் இவ்வளவு பெரிதல்ல, ஆனால் ஒரு அச்சில் (முன் சக்கர ஜோடியிலோ பின் சக்கர ஜோடியிலோ) 2 பிஎஸ்ஐ மாறினாலே ஸ்டியரிங்கில் தெரியும். அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் போவது) என்றதும் முன் டயரில் காற்றைக் குறைப்பவர்கள் அதிகம். முன் டயரின் வெளித்தோள் (தரையைத் தொடும் பகுதியின் வெளி ஓரம்) ஏற்கெனவே மடங்கித் தேய்ந்திருந்தால் அது நேர்மாறான மருந்து. முதலில் 2 கூட்டிப் பாருங்கள்.

பிடிப்புக்காக அட்டவணைக்குக் கீழே போவது

காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு பெருகும், ஆகவே பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. பெருகும் பரப்பில் எடை சீராக விழாது. தோள்கள் சுமக்கும், நடு தளர்ந்துவிடும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்புதான் வெப்பம். ஓட்டுநருக்கு முதலில் தெரிவது ஸ்டியரிங் திருப்பியபின் கார் ஒரு நொடி யோசிப்பது. வெப்பம் தொடர்ந்து ஏறினால் ரப்பரும் எஃகுப் பட்டையும் பிரியத் தொடங்கும்.

ஈரச் சாலையில் இன்னும் மோசம். 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்தபோது, தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டது. 36-லிருந்து 25-க்கு இறங்கினால் அந்த வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். கார் டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதால் எண்கள் மாறும், போக்கு மாறாது. 35 வரிசை டயரில் (பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 35 சதவீதமே உள்ள தாழ்வான டயர்) குழியில் விழுந்தால் ரிம் வளைவதும் இதே குறைக்காற்றின் பலன்தான். பொதுச் சாலையில் அட்டவணைக்குக் கீழே போக நல்ல காரணம் எதுவும் இல்லை.

எக்ஸ்எல் டயருக்குப் பழைய அளவையே வைப்பது

225/45 ஆர்17 அளவில் சாதாரண டயரின் சுமைக் குறியீடு 91, அதாவது 615 கிலோ. எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கான வலுவூட்டிய டயர்) என்றால் 94, அதாவது 670 கிலோ. ஆனால் சாதாரண டயர் தன் 615-ஐச் சுமப்பது 36 பிஎஸ்ஐயில். எக்ஸ்எல் தன் 670-ஐச் சுமக்க 42 வேண்டும். அதே 36-ல் எக்ஸ்எல் சற்றுக் குறைவாகவே சுமக்கும்! வலுவான டயர் என்று நம்பி அழுத்தத்தைக் குறைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கார் சாதாரண டயரோடு வந்திருந்தால், எக்ஸ்எல்லுக்கு மாறும்போது 2 அல்லது 3 கூட்டுவதே வழக்கம்.

பந்தயத் தடத்திலிருந்து அப்படியே வீடு திரும்புவது

தடத்தில் கணக்கு தலைகீழ். அங்கே குறி சூடான அழுத்தம்தான். சில சுற்றுகளில் 6, 7 பிஎஸ்ஐ ஏறுவதால் இறக்கத்தான் வேண்டும். இறக்கியதை வீடு திரும்புமுன் ஏற்ற மறப்பதுதான் சிக்கல். கையடக்கப் பம்ப் ஒன்று காரில் இருக்கட்டும்.

எச்சரிக்கை விளக்கை மானியாக நினைப்பது

பல கார்களில் டயர் அழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகே டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்கு எரியும். சக்கரச் சுழற்சியை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வகை, நான்கும் சேர்ந்து குறைந்தால் ஏமாந்துவிடும். காற்றை மாற்றிய பிறகு அதை ரீசெட் செய்யாவிட்டால் தவறான அளவையே சரியென்று வைத்துக்கொள்ளும். ஒரே மானியை எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டு மானிகள் ஒத்துப்போகாவிட்டாலும், ஒரே மானி காட்டும் மாற்றம் நம்பத்தக்கது.

சோதித்து அமைக்கும் முறை

அட்டவணை அளவில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு அச்சில் மட்டும், 1 அல்லது 2 பிஎஸ்ஐ கூட்டி, பழகிய அதே சாலையில் அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். குளிர் அளவு, வெளி வெப்பநிலை, ஓட்டி நின்றதும் சூடான அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உள்தோள், நடு, வெளித்தோள் மூன்றிலும் பள்ள ஆழத்தை அளங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு தோள்களும் தேய்ந்தால் குறைவு. உள்தோள் மட்டும் தேய்ந்தால் காரணம் பெரும்பாலும் கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அல்லது டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்). அழுத்தத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, அலைன்மென்ட் பாருங்கள்.

அளந்து முடித்ததும் வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். சென்சார் உள்ள அலுமினிய வால்வுக்கு பிளாஸ்டிக் மூடியே நல்லது. பளபளக்கும் உலோக மூடி அரித்து ஒட்டிக்கொண்டால், கழற்றும்போது வால்வே முறிந்து வரும்.