பழைய கிராபிக்ஸ் கார்டில் ஆன்டி-அலியாசிங் வேலை செய்ய வைப்பது எப்படி

ஓரங்களின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுங்கடிக்கும் ஆன்டி-அலியாசிங்கைக் கேமின் மெனுவில் 4எக்ஸ் என்று வைத்தாயிற்று, டிரைவரிலும் வைத்தாயிற்று. ஓரங்கள் மட்டும் இன்னும் ரம்பப் பல்லாகவே நிற்கின்றன. பழைய கார்டு வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான் இது. பெரும்பாலும் குற்றம் கார்டின் மேல் இல்லை. கேம் காட்சியை வரையும் விதமும் நாம் தேர்ந்தெடுத்த முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆகவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் எந்த வகைப் பல் என்று பார்த்துவிடுங்கள்.

கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, 400% பெரிதாக்கிப் பாருங்கள். ஜேபிஜி வேண்டாம், அது ஓரங்களைக் குழப்பிவிடும். கூரை, தூண், துப்பாக்கிக் குழல் போன்றவற்றின் விளிம்பு மட்டும் பல்லாக இருந்தால் அது வடிவ விளிம்பு, எம்எஸ்ஏஏ (மல்டிசாம்ப்ளிங்: வடிவ விளிம்பில் ஒரு பிக்சலைப் பல சாம்பிள் புள்ளிகளில் பார்த்துக் கலக்கும் முறை, 4எக்ஸ் என்றால் 4 புள்ளி) போதும். இலை, கம்பி வேலி, தலைமுடி என்றால் கதை வேறு. அவை தட்டையான பரப்பில் ஒட்டப்பட்ட, இடையிடையே ஓட்டை விட்ட டெக்ஸ்சர்கள், அதாவது படங்கள். விளிம்பு டெக்ஸ்சருக்குள் இருப்பதால் வெறும் எம்எஸ்ஏஏ அதைத் தொடுவதே இல்லை. மூன்றாவது வகை ஸ்கிரீன்ஷாட்டில் சரியாகத் தெரியாது: நடக்கும்போது ஈரத் தரையிலும் உலோகத்திலும் மினுமினுக்கும் புள்ளிகள். அவை ஷேடர் (பிக்சலின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) கணக்கிலிருந்து வருபவை. இங்கே சொல்லும் முறைகளில், ஒவ்வொரு சாம்பிளுக்கும் நிறத்தையும் கணக்கிடும் சூப்பர்சாம்ப்ளிங் ஒன்றுதான் அவற்றை அடக்கும்.

டைரக்ட்எக்ஸ் 9 ஏன் படுத்துகிறது

விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேசும் வழியான டைரக்ட்எக்ஸின் 9-ஆம் பதிப்பில் ஒரு டெக்ஸ்சரை மல்டிசாம்பிள் (பிக்சலுக்குப் பல சாம்பிள்) ஆக உருவாக்க முடியாது. ப்ளூம் (ஒளிக் கசிவு), எச்டிஆர் (விரிந்த ஒளி வரம்பு), மோஷன் பிளர் (அசைவு மங்கல்) உள்ள கேம்கள் காட்சியை முதலில் ஒரு டெக்ஸ்சரில் வரைந்து, பிறகு அதைத் திரை அளவு செவ்வகமாக ஒட்டுகின்றன. நீங்கள் போட்ட 4எக்ஸ், அந்தச் செவ்வகத்தின் நான்கு ஓரங்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். வேகம் குறையும், படம் மாறாது. கேமை எழுதியவர்கள் மல்டிசாம்பிள் பரப்பில் வரைந்து பிறகு டெக்ஸ்சருக்கு நகலெடுத்திருந்தால் மட்டுமே பலன் உண்டு.

டிஃபர்டு ரெண்டரிங் (பரப்பு விவரங்களை முதலில் எழுதிவைத்து ஒளியைப் பிறகு கணக்கிடும் முறை) இன்னும் மோசம். ஒரே நேரத்தில் பல ரெண்டர் டார்கெட்டுகளில் (வரையும் பரப்புகளில்) எழுதும்போது டைரக்ட்எக்ஸ் 9 எம்எஸ்ஏஏவை அனுமதிப்பதே இல்லை. டைரக்ட்எக்ஸ் 10 அனுமதித்தது. ஆழ பஃபரின் (ஒவ்வொரு புள்ளியின் தூரத்தை வைத்திருக்கும் இடம்) ஒவ்வொரு சாம்பிளையும் ஷேடர் படிக்கும் வசதி 10.1-இல் வந்தது. எனவே கேமுக்கு டைரக்ட்எக்ஸ் 9, 10 என இரண்டு வழியும் இருந்து, கார்டும் தாங்குமானால், முதலில் 10-இல் இயக்கிப் பாருங்கள். பல நேரம் வேலை அதோடு முடிந்துவிடும்.

உங்கள் கார்டால் எவ்வளவு முடியும்

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 6, 7 வரிசைகளில் உண்மையான எம்எஸ்ஏஏ 4எக்ஸ் வரைதான். இவற்றால் எஃப்பி16 (16-பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் நிறம்) எச்டிஆரையும் எம்எஸ்ஏஏவையும் சேர்த்துச் செய்ய முடியாது. ஒன்றை விட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். அதே காலத்து ரேடியான் எக்ஸ்1000 வரிசையால் இரண்டும் முடியும். ரேடியான் எச்டி 2000, 3000 வரிசைகள் சாம்பிள்களைக் கலக்கும் வேலையை ஷேடரிடம் தள்ளுவதால் எம்எஸ்ஏஏ போட்டதும் வேகம் சட்டென்று விழும். எச்டி 4000-இல் இது சரியானது. இன்டெல் ஜிஎம்ஏ 950 போன்ற பழைய ஒருங்கிணைந்த சிப்களில் எம்எஸ்ஏஏ கிடையவே கிடையாது. இன்டெலின் எச்டி 2000, 3000 கிராபிக்ஸில்தான் 4எக்ஸ் வந்தது.

ஜீஃபோர்ஸ் 8 முதல் 200 வரிசை வரை வைத்திருப்பவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே '8எக்ஸ்' என்பது 4 நிறச் சாம்பிள், 8 கவரேஜ் சாம்பிள் (நிறமின்றி, வடிவம் எங்கே மூடியிருக்கிறது என்பதை மட்டும் குறிப்பவை). '8எக்ஸ்க்யூ' என்பதுதான் முழு 8. '16எக்ஸ்' என்பதிலும் நிறச் சாம்பிள் 4-தான். இந்தக் கார்டுகளில் 8எக்ஸ்க்யூ வேகத்தைக் கடுமையாகத் தின்னும். சாதாரண 8எக்ஸ், 4எக்ஸை விடக் கொஞ்சமே கூடுதல் செலவில் நல்ல ஓரம் தரும், அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

அடுத்தது மெமரி. ஒரு சாம்பிளுக்கு நிறம் 4 பைட், ஆழம் 4 பைட். 1920×1080-இல் 4எக்ஸ் என்றால் அதற்கு மட்டும் சுமார் 63 எம்பி. 8எக்ஸ் 127 எம்பி. எஃப்பி16 எச்டிஆரோடு 4எக்ஸ் 95 எம்பி. 256 எம்பி கார்டில் இதற்குப் பிறகு டெக்ஸ்சருக்கு என்ன மிஞ்சும்? 1280×720-க்கு இறங்கினால் 4எக்ஸ் 28 எம்பியில் அடங்கும். மெமரி நிரம்பியதன் அடையாளம் சீராகக் குறைந்த வேகம் அல்ல. திரும்பும்போதெல்லாம் அரை நொடி திக்குவது. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலில் மெமரிப் பயன்பாட்டைத் திறந்து வைத்து விளையாடிப் பாருங்கள். கார்டின் மெமரி எல்லையை முட்டினால் முதலில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறையுங்கள், ஆன்டி-அலியாசிங்கை அல்ல.

டிரைவர் வழியாகத் திணிப்பது

டிரைவரின் கட்டாயம் டைரக்ட்எக்ஸ் 9-இலும் அதற்கு மாற்றான ஓப்பன்ஜிஎல்-லிலும் மட்டுமே நம்பத்தக்கது. டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை.

என்விடியா கார்டில், டிரைவரின் மறைந்த அமைப்புகளைக் காட்டும் என்விடியா ப்ரொஃபைல் இன்ஸ்பெக்டரைத் திறந்து கேமின் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். கேமுக்குள் ஆன்டி-அலியாசிங்கை அணைத்துவிட்டு, பிஹேவியர் ஃப்ளாக்ஸை 'நன்' ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் மற்றவை பலிக்காமல் போகலாம். மோட் 'ஓவர்ரைடு', செட்டிங் '4எக்ஸ் மல்டிசாம்ப்ளிங்'. அதன் பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால் தேவைப்படுவது ஆன்டி-அலியாசிங் கம்பேட்டிபிலிட்டி எண். மேலே சொன்ன இடைநிலை டெக்ஸ்சர்களில் எவற்றை மல்டிசாம்பிள் பரப்பாக மாற்ற வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லும் ஹெக்ஸாடெசிமல் (பதினாறடிமான) எண் அது. கேமுக்குக் கேம் வேறுபடும். ஒரே எஞ்சினில் செய்த இன்னொரு கேமின் ப்ரொஃபைலில் உள்ள எண்ணை முயன்று பார்ப்பது நல்ல தொடக்கம். தவறான எண் போட்டால் திரை கறுக்கும், நிழல் இடம் மாறும், அல்லது ப்ளூம் விலகி இரட்டை உருவம் தெரியும். எண்ணைப் பழையபடி வைத்தால் எல்லாம் திரும்பிவிடும்.

கேமே ஆன்டி-அலியாசிங் தந்து, தரம் மட்டும் போதவில்லை என்றால் 'ஓவர்ரைடு' வேண்டாம், 'என்ஹான்ஸ்' போடுங்கள். கேமுக்குள் ஆன்டி-அலியாசிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டிரைவர் அதன் அளவை மட்டும் உயர்த்தும்.

வேலிக்கும் இலைக்கும் டிரான்ஸ்பரன்சி அமைப்பு. 'மல்டிசாம்ப்ளிங்' மலிவு, ஆனால் புள்ளிபுள்ளியாகத் தெரியலாம். 'சூப்பர்சாம்ப்ளிங்' அழகு, புல் நிறைந்த காட்சியில் மூச்சு வாங்கும். மினுமினுப்புக்கு ஸ்பார்ஸ் கிரிட் சூப்பர்சாம்ப்ளிங். அதன் எண் எம்எஸ்ஏஏ எண்ணோடு ஒத்திருக்க வேண்டும், 4எக்ஸோடு 4எக்ஸ். படம் மங்கினால் எல்ஓடி பயாஸை (டெக்ஸ்சர் கூர்மையைத் தீர்மானிக்கும் அமைப்பு) 2எக்ஸுக்கு -0.5, 4எக்ஸுக்கு -1.0 என்று இறக்குங்கள்.

ஏஎம்டி கேட்டலிஸ்டில் 'ஓவர்ரைடு அப்ளிகேஷன் செட்டிங்ஸ்' தேர்ந்து 4எக்ஸ், ஃபில்டர் 'பாக்ஸ்'. 'டென்ட்' வகை ஃபில்டர்கள் பக்கத்துப் பிக்சல்களையும் இழுத்துக் கலப்பதால் எழுத்துகள் மங்கும். இலைகளுக்கு 'அடாப்டிவ்' முறை. என்விடியாவின் கம்பேட்டிபிலிட்டி எண் போன்ற வசதி இங்கே இல்லை, அதனால் முரண்டு பிடிக்கும் கேம்களுக்குக் கீழேயுள்ள வழிதான்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்

எஸ்எம்ஏஏ. முடிந்த படத்தில் ஓரங்களைக் கண்டுபிடித்துக் கலப்பதால், கேம் எப்படி வரைந்தது என்பது அதற்குப் பொருட்டல்ல. அதைக் கேமில் சேர்க்கும் ரீஷேடு நிரலை நிறுவும்போது கேமின் இஎக்ஸ்இ கோப்பைக் காட்டி, சரியான டைரக்ட்எக்ஸ் பதிப்பைத் தேர்ந்து, எஸ்எம்ஏஏவை மட்டும் டிக் செய்யுங்கள். நூறு எஃபெக்ட்களை இறக்கி வைத்தால் கேம் திறக்கவே நேரமெடுக்கும். கேமுக்குள் ஹோம் விசையில் மெனு வரும். த்ரெஷோல்டு (எவ்வளவு வேறுபாடு இருந்தால் ஓரம் என்று கொள்வது) 0.1, தேடல் படி (ஓரத்தை எவ்வளவு தூரம் பின்தொடர்வது) 16-இல் தொடங்குங்கள். கார்டு திணறினால் படியை 8 ஆக்கலாம். திரையில் உள்ள எழுத்துகளின் முனை தேய்ந்தால் த்ரெஷோல்டை 0.15-க்கு ஏற்றுங்கள். ஷார்ப்பனிங் வைத்திருந்தால் அது எஸ்எம்ஏஏவுக்குப் பின்னால் வரட்டும். முன்னால் வந்தால் பல்லைத் தீட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். ஆன்லைன் கேம்களில் மட்டும் கவனம்: ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் ரீஷேடு கேம் ஃபோல்டரில் போடும் டிஎல்எல் கோப்பைத் தடுக்கக்கூடும், கணக்கே முடக்கப்படும் ஆபத்தும் உண்டு.

டிரைவரில் உள்ள, முடிந்த படத்தையே மென்மையாக்கும் எஃப்எக்ஸ்ஏஏ ஒரே கிளிக்கில் வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் மெனு எழுத்து உட்பட எல்லாவற்றையும் மெழுகிவிடும். 1280×720 போன்ற குறைந்த தெளிவில் அது கண்ணை உறுத்தும்.

டைரக்ட்எக்ஸ் 8-உம் அதற்கு முந்தையதுமான கேம்களுக்கு, கார்டு டைரக்ட்எக்ஸ் 10.1-ஐத் தாங்குமானால், டிஜிவூடூ 2 (பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளைப் புதியதாக மாற்றித் தரும் நிரல்). அதன் டிஎல்எல் கோப்புகளில் கேமுக்குரியதை இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போட்டு, கண்ட்ரோல் பேனலில் ஆன்டி-அலியாசிங் 4எக்ஸ் வையுங்கள். பழைய கேம்களின் 2டி மெனுக்களில் எழுத்தைச் சுற்றிக் கோடு தெரிந்தால் 2எக்ஸுக்கு இறக்கிப் பாருங்கள்.

சரிவந்த அமைப்பை ப்ரொஃபைல் இன்ஸ்பெக்டரின் எக்ஸ்போர்ட் வசதியால் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டிரைவரைப் புதிதாக நிறுவும்போது 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் ஆகியிருந்தால் நீங்கள் மாற்றிய ப்ரொஃபைல்கள் எல்லாம் அழிந்துவிடும்.