பழைய காரில் சாலை இரைச்சலைக் குறைத்தல்: உப்புக்காற்று வீசும் ஊர்களுக்கான முறை

பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய ஆல்டோ, வேகன் ஆர், இண்டிகா போன்ற கார்கள், ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 87-இல் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டதும், முன்சீட்டில் இருப்பவர் சொல்வது பின்சீட்டுக்குக் கேட்காத அளவுக்கு இரைகின்றன. தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டைக் காரின் உட்புறத் தகட்டில் ஒட்டி இதைக் கணிசமாகக் குறைக்கலாம். ஆனால் சேலத்திலோ கோயம்புத்தூரிலோ செய்வதைப் போல, கிடைத்த இடமெல்லாம் ஒட்டிக் கார்பெட்டுக்கு அடியில் ஃபெல்ட்டைத் திணித்து மூடினால், தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள கடலோர ஊர்களில் சில ஆண்டுகளிலேயே தளத் தகடு அரித்துவிடும். இங்கே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. ஒலியை அடக்குவது அதற்கு அடுத்ததே.

ஷீட் வாங்கும் முன், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, எஞ்சினை அணைக்காமல் காரைத் தானாக உருள விடுங்கள். சத்தம் பெருமளவு குறைந்தால் எஞ்சின் பக்கமோ சைலன்சர் பக்கமோ கோளாறு. குறையாமல், சொரசொரப்பான தாரிலிருந்து வழவழப்பான தாருக்கு மாறும்போது தொனி மாறினால் அது டயர் இரைச்சல். வளைவில் ஒரு பக்கம் எடை சாயும்போது ஊளை கூடிக் குறைந்தால் வீல் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு எந்த ஷீட்டும் மருந்தாகாது. இந்தச் சோதனையைக் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், பாம்பன் பாலத்தில் அல்லாமல் தரைச் சாலையில் செய்வது நல்லது. பாலத்தில் குறுக்கே அடிக்கும் கடற்காற்றின் ஓசை மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பால இணைப்புகளில் எழும் ‘தடக்’ ஓசையும் குழப்பும்.

டயர்தான் காரணம் என்றால் முதலில் டயரையே பாருங்கள். தேய்மானம் ரம்பப் பல்லைப் போல ஒழுங்கற்று இருந்தாலும், காற்று அளவுக்கு மேல் இருந்தாலும் இரைச்சல் கூடும். கதவு விளிம்பிலுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கையும் அதே நாளில் சோதித்துவிடலாம். ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கும்போது அது இறுக்கமில்லாமல் வழுக்கி வந்தால், வெயிலில் அந்த ரப்பர் விறைத்துப்போய்விட்டது என்று பொருள். பீடிங்கை மாற்றுவது ஷீட்டை விட மலிவு. காற்றோசைக்கு அதைவிட நல்ல தீர்வும் இல்லை.

இனி பொருள்களைப் பார்ப்போம். கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பர் ஷீட். ஒலிக்கும் வெண்கலத் தாம்பாளத்தில் உள்ளங்கையை வைத்தால் ஓசை சட்டென்று அடங்குவதைப் போல, தகட்டின் அதிர்வை இது அடக்குகிறது. தகடு அதிரும்போது, அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவே உள்ள பியூட்டைல் முன்னும் பின்னும் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. பார்ப்பதற்கு இதே போல இருக்கும் தார் கலந்த ஷீட்டுகள் மலிவானவை. ஆனால் சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் அவை இளகி நாறும், கதவுத் தகட்டில் வழிந்து இறங்கவும் கூடும். அவற்றை வாங்காதீர்கள். இரண்டாவது, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம். மூன்றாவது, கனமான வினைல் விரிப்பு.

பஞ்சு போன்ற ஃபோம், சணல், ஃபெல்ட் ஆகிய மூன்றும் ஒலியை நன்றாக உறிஞ்சும். ஆயினும் கடலோரத்தில் அவற்றைத் தவிர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் தானாக நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். தனுஷ்கோடி மணலில் நடந்த செருப்போடு ஏறும் உப்பு கார்பெட்டின் அடியில் சேர்ந்தால், நண்பகலில் உலர்ந்தது போல் தோன்றும் ஃபெல்ட் இரவில் மீண்டும் நனைந்து தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும். மழையில் கார் நனையாவிட்டாலும் இந்த ஈரம் ஓயாது.

ஆகவே வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கினால் தளம் உலரவே உலராது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டுகளைக் கழற்றுங்கள். சீட்டின் கீழே மஞ்சள் நிற இணைப்பி இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட்பெல்ட் வயராக இருக்கும். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திராமல் அதைத் தொடக் கூடாது. கார்பெட்டைத் தூக்கியதும் அதன் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளையாக நொறுங்குவது உப்பு. இடது முன்புறம் மட்டும் ஈரமாக இருந்தால், ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புழுக்கமான இந்தப் பகுதியில் ஏசியிலிருந்து வடியும் நீர் கொஞ்சநஞ்சமல்ல.

கார்பெட்டையும் தகட்டையும் நல்ல தண்ணீரால்தான் கழுவ வேண்டும். கடலோர ஊர்கள் பலவற்றில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்புக்கு மேல் உப்பைச் சேர்த்தது போலாகும். துரு தெரியும் இடத்தைக் கம்பி பிரஷால் சுரண்டி, துருவை உறுதியான படலமாக மாற்றும் ‘துரு மாற்றி’ திரவத்தைத் தடவி, அதன்மேல் எபாக்சி பிரைமர் பூசி, அது முழுவதும் காயும் வரை காத்திருங்கள். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஓட்டையை ஷீட்டால் மூடுவது, புண்ணை ஆற்றாமல் மறைப்பதுதான்.

ஒட்டும் நாளில், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் தகட்டைத் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். ஹீட் கன் தேவையில்லை. முற்பகல் வெயிலில் காரையும் ஷீட்டையும் சிறிது நேரம் வைத்தாலே பியூட்டைல் பிடிக்கும் அளவுக்கு இளகிவிடும். எங்கே ஒட்டுவது என்பதை விரல் முட்டி சொல்லிவிடும்: தகட்டைத் தட்டினால் ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும் நடுப்பகுதிக்கு ஷீட் வேண்டும், ‘தப்’ என்று அடங்கும் மடிப்புகளுக்கும் ஓரங்களுக்கும் வேண்டாம். பெரிய தகடு ஒன்றில் கால் பங்கு முதல் பாதி வரை மூடினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். முழுவதும் மூடுபவர் செலவையும் எடையையும் கூட்டுகிறாரே தவிர, அமைதியை அதே அளவில் கூட்டுவதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும்.

உருளையால் அழுத்துவதில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது. ஷீட்டின் மேலுள்ள வரிப் புடைப்புகள் தட்டையாகும் வரை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் நின்றால் அங்கே அதிர்வு அடங்காது. விளிம்பு தூக்கி நின்றால் அந்த இடுக்கில் உப்பு நீர் ஏறும்.

கதவில் கூடுதல் கவனம் தேவை. கையால் சுற்றிக் கண்ணாடி ஏற்றும் பழைய கார்களில், அந்தக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் கண்ணில் படாது. கைப்பிடிக்கும் கதவின் உட்புற மூடியான டோர் பேடுக்கும் இடையில் ஒரு பழைய துணியை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுத்தால் கிளிப் வெளியே தெறித்து விழும். ஆகவே கீழே ஒரு துண்டை விரித்துவையுங்கள். பேடின் பிளாஸ்டிக் கிளிப்புகளில் சில உடைவது உறுதி என்பதால் முன்பே உதிரி வாங்கிவைப்பது நல்லது. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து எடுங்கள். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். வேலை முடிந்ததும் பியூட்டைல் டேப்பால் அதை மீண்டும் ஓரம் முழுவதும் ஒட்ட வேண்டும். வெளித் தகட்டின் உட்புறத்தில் பியூட்டைல் ஷீட் மட்டும் போதும். ஃபோம் ஒட்டினால் கண்ணாடி இறங்கும்போது உரசும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அவற்றில் மணல் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

தளத்தில் கால் வைக்கும் பகுதி, பின் சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடான வீல் ஆர்ச், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி என்ற வரிசையில் செல்லுங்கள். டயர் இரைச்சலில் பெரும்பகுதி வீல் ஆர்ச் வழியாகவே வருவதால், கையில் பணம் குறைவாக இருந்தால் கூரையை விட்டுவிட்டு இங்கே செலவிடுங்கள். தளத்தின் ரப்பர் அடைப்பான்களை மூடி ஒட்டாதீர்கள். என்றாவது தண்ணீர் புகுந்தால் அவற்றைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். தாழ்ந்த சுருதியில் எழும் இரைச்சல் இன்னும் உறுத்தினால், ஷீட்டின் மேல் மூடிய நுண்ணறை ஃபோமும் அதன்மேல் வினைல் விரிப்பும் போடலாம். ஆனால் இந்த இரண்டையும் தளத்தோடு ஒட்டாமல், தூக்கி உலர்த்தும்படி வெட்டித் தளர்வாக விரிப்பதே இந்தப் பகுதிக்கு ஏற்றது. வினைல் ஒரு சதுர மீட்டர் சுமார் 5 கிலோ இருக்கும் என்பதையும், 800 சிசி எஞ்சினுக்கு ஒவ்வொரு கிலோவும் சுமைதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முடிந்ததும் அதே சாலையில், அதே வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கைப்பேசிச் செயலியால் ஒலியை அளக்கலாம். அந்த எண் துல்லியமானதல்ல. வேலைக்கு முன்பு எடுத்த அளவோடு ஒப்பிட மட்டும் உதவும். சில டெசிபல் குறைந்தாலே வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். சத்தம் பாதியானது போல் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். பழைய சிறிய காரில் அதை எதிர்பார்க்க முடியாது. முதல் பெருமழைக்குப் பிறகு ஒரு நாள், நான்கு கால்மிதி இடங்களிலும் விரிப்பின் மூலையைத் தூக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விரிப்பை வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, நீர் நுழையும் வழியை அடைத்த பிறகே திரும்ப விரியுங்கள்.