அம்மா பார்த்துக்கொள்வார் என்று ஜெபத்தை விட்டுவிடாதீர்கள்

மே மாதம் இரண்டாம் ஞாயிறு, சபையில் அன்னையர் தின ஆராதனை. ரோஜாப்பூ கொடுப்போம், அம்மாவின் ஜெப வாழ்க்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவோம், கண்ணைத் துடைத்துக்கொள்வோம். பிறகு அடுத்த மே வரை ஜெபம் அம்மாவின் வேலை. நானும் வெகுகாலம் அப்படித்தான். பரீட்சையா, இன்டர்வியூவா, "ஜெபம் பண்ணிக்கோங்கம்மா" என்று சொன்னதோடு என் கடமை முடிந்தது.

முதல் தவறு இதுதான். தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சொல்லி அவர்களுடைய விசுவாசத்தை நினைவுபடுத்துகிறார். அதோடு விடவில்லை. அடுத்த வசனத்திலேயே, உனக்குள் இருக்கும் வரத்தை அனல்மூட்டி எழுப்பு என்கிறார். அடுப்பு அம்மா பற்றவைத்தது. விறகு தள்ளுவது மகன் பாடு.

இரண்டாவது, ஜெபிக்கிறவரின் அமைதியை எதிர்த்துப் பேசத் தெரியாமை என்று எடுத்துக்கொள்வது. என் அம்மாவுக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. ஃபேக்டரி பஸ் அக்கரையில் பிறை ஊரைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அந்தத் தூரம்தான் அவருடைய ஜெப நேரம். பக்கத்து சீட்டுக்காரர்கள் தூக்கம் என்று நினைப்பார்களாம். அதே அம்மாதான் ஓவர்டைம் பணம் குறைந்த மாதம் சம்பளச் சீட்டோடு சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் போய் நின்றவர்.

வேதாகமத்தில், சீலோ ஆலயத்தில் பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாளும் அப்படித்தான். உதடுமட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி அதட்டியபோது, "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று அவரையே மறுத்துப் பேசினாள். (புக்கிட் மெர்தாஜாம் ஆலயத்தில் ஜூலை 26 திருவிழாவுக்குரிய புனித அன்னாள் வேறு. அவர் மரியாளின் தாய் என்பது மரபு. வேதாகமத்தில் அவர் பெயரே கிடையாது. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இந்தத் தவறு முற்றினால் ஆபத்து. அடிவாங்கி வரும் பெண்ணிடம், "உங்கம்மா பொறுத்துக்கலையா, நீயும் ஜெபம் பண்ணிட்டுப் பொறுத்துப் போ" என்கிறோம். அடியைப் பொறுப்பதற்கு விசுவாசம் என்று பெயரில்லை. மலேசியாவில் 1994ஆம் ஆண்டிலிருந்து குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்தால் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். தாலியான் காசே என்னும் அரசாங்க உதவிச் சேவையை 15999 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். ஜெபக்குழு அக்காமார் இந்த எண்ணைக் கைப்பேசியில் போட்டு வைத்திருப்பது நல்லது.

மகன் மனந்திரும்ப வேண்டும் என்று அழுது ஜெபித்த மோனிக்காவைக் கண்ணீருக்கு மட்டும் உதாரணம் காட்டுவதும் பாதிக் கதைதான். மகன் அகுஸ்தீனைத் தேடிக் கடல் கடந்து மிலான் போனவர் அவர். இரத்தசாட்சிகளின் கல்லறைக்கு உணவு கொண்டுபோகும் தம் ஊர் வழக்கத்தை அங்கே ஆயர் அம்புரோஸ் தடுத்திருந்தார் என்று தெரிந்ததும், முணுமுணுக்காமல் விட்டார். மகன் 387இல் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே தாய் தன்னை மாற்றிக்கொண்டார். பிள்ளைக்காக அழும் பெற்றோர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

கடைசியாக, காலையில் பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் வசனம் தள்ளிவிடுவதை விசுவாசத்தைக் கையளிப்பதாக நினைப்பது. அன்னாள் வருஷாவருஷம், ஆலய ஊழியத்துக்கு விட்ட மகன் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். பிள்ளை வளர வளர அளவை யோசித்துத் தைத்திருப்பாள். நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அம்மா ஒரு வசனமும் அனுப்பவில்லை. மாதக் கடைசியில் போன் வரும்: "வாடகை கட்டிட்டியாப்பா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற பஸ்ஸு எதுன்னு கண்டுபிடிச்சிட்டியா?"