குர்ஆனும் இஸ்லாமியத் தத்துவமும்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாமியத் தத்துவம் என்பது அரிஸ்டாட்டிலை அரபியில் எழுதியதுதான், குர்ஆனுக்கும் அதற்கும் ஒட்டுறவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் விட வேண்டிய எண்ணம் இதுதான். கிரேக்க நூல்கள் பக்தாதில் அரபியாகிக்கொண்டிருந்த 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவவாதி அல்கிந்தி. அரிஸ்டாட்டிலின் நூல்களை வரிசைப்படுத்தி அவர் எழுதிய ஒரு கட்டுரையின் நடுவிலேயே யாசீன் அத்தியாயத்தின் கடைசி வசனங்களுக்கு வந்துவிடுகிறார். நம் ஊர்களில் பல வீடுகளில் ஓதப்படும் அதே யாசீன்தான். மக்கிப்போன எலும்புகளை யார் உயிர்ப்பிப்பார் என்று ஒருவன் கேட்கிறான். முதல் முறை படைத்தவனே உயிர்ப்பிப்பான் என்று பதில் வருகிறது. இந்தக் கேள்விக்கு இத்தனை சுருக்கமாகவும் தெளிவாகவும் எந்தத் தத்துவவாதியாலும் பதில் சொல்ல முடியாது என்கிறார் அல்கிந்தி. வேதத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சிந்தித்தவர் எழுதக்கூடிய வரி அல்ல இது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குர்ஆனைச் சொல்கிறார்கள் என்பதாலேயே தத்துவவாதிகள் சொன்ன விளக்கமெல்லாம் வசனத்தின் பொருள்தான் என்று எடுத்துக்கொள்வது. ஒளி வசனத்தைப் (24:35, அதாவது 24-ஆம் அத்தியாயம், 35-ஆம் வசனம்) பாருங்கள். அதில் மாடம், விளக்கு, கண்ணாடி, ஒலிவ எண்ணெய் எல்லாம் வருகின்றன. அரிஸ்டாட்டில் வழியில் வந்த தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனா இவை ஒவ்வொன்றையும் மனித அறிவு வளரும் படிகளோடு பொருத்துகிறார். வெறும் ஆற்றலாக இருக்கும் அறிவு மாடம், செயல்படும் நிலைக்கு வந்துவிட்ட அறிவு விளக்கு, இப்படியே போகிறது. அழகான பொருத்தம்தான். ஆனால் இதில் வசனம் தந்ததைவிட அவருடைய அறிவுக் கோட்பாடு தந்ததே அதிகம் என்பது என் கருத்து. வசனம் தொடங்குவது வானங்களுக்கும் பூமிக்கும் அல்லாஹ்வே ஒளி என்ற அறிவிப்போடு. அதை விட்டுவிட்டு உவமையை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்து, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி. அவர் தத்துவத்தைக் கொன்றுவிட்டார் என்ற பேச்சு எத்தனை முறை மறுத்தாலும் திரும்ப வருகிறது. 1095-ல் அவர் முடித்த மறுப்பு நூல் 20 விஷயங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றில் மூன்றில் மட்டும்தான் நிராகரிப்பு (குஃப்ர், மார்க்கத்தையே மறுப்பது) என்று தீர்ப்புச் சொல்கிறார்: உலகம் அநாதியானது என்பது, இறைவன் தனித்தனி நிகழ்வுகளைத் தனித்தனியாக அறிவதில்லை என்பது, மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பது. கிரகணத்தைக் கணக்கிட்டுச் சொல்பவர்களோடு மார்க்கத்தின் பெயரால் சண்டை போடுவது மார்க்கத்துக்கே கேடு என்றும் அதே நூலின் முன்னுரையில் எச்சரிக்கிறார். தர்க்கத்தை அவர் தள்ளவே இல்லை, குர்ஆனுக்குள்ளேயே தேடினார். ‘அல்லாஹ்வைத் தவிர வேறு கடவுள்கள் இருந்திருந்தால் வானமும் பூமியும் சீர்கெட்டிருக்கும்’ (21:22) என்ற வசனத்தில் ஒரு முழு அனுமானம் இருக்கிறது: இது இருந்தால் அது நடக்கும், அது நடக்கவில்லை, ஆகவே இது இல்லை. கஸ்ஸாலி இதையும், மறைவதை நான் நேசிக்க மாட்டேன் என்ற இப்ராஹீம் நபியின் வாதத்தையும் அறிவை நிறுக்கும் தராசுகளாகவே எடுத்துக்காட்டுகிறார்.

கஸ்ஸாலிக்குப் பதில் எழுதிய இப்னு ருஷ்தை மதத்துக்கு எதிராகப் பகுத்தறிவைத் தூக்கிப் பிடித்தவர் என்று காட்டுவதும் இதே ரகம். அவர் ஸ்பெயினின் குர்துபா (கோர்டோபா) நகரின் தலைமை காழி, அதாவது நீதிபதி; ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்டத்தில் அறிஞர். தத்துவம் படிக்கலாமா என்ற கேள்வியை ஒரு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) போலவே எடுத்துக்கொள்கிறார். ‘பார்வை உடையோரே, படிப்பினை பெறுங்கள்’ (59:2) என்ற கட்டளையிலிருந்து, தகுதி உள்ளவர்களுக்கு ஆராய்வது கடமை என்ற முடிவுக்கு வருகிறார். உலகம் இல்லாமையிலிருந்து வந்தது என்பதுதான் வேதத்தின் நேர்ப்பொருள் என்று வாதிட்டவர்களிடம் 11:7-ஐயும் 41:11-ஐயும் காட்டுகிறார். ஒன்றில் அர்ஷ் (இறைவனின் அரியணை) நீரின் மேல் இருக்கிறது, மற்றொன்றில் வானம் புகையாக இருக்கிறது; ஆகவே இந்த உலகுக்கு முன்பே ஏதோ இருந்தது என்றுதான் நேர்ப்பொருள் காட்டுகிறது என்பது அவர் வாதம்.

இங்கே 3:7-ஐத் தவறாமல் படிக்க வேண்டும். மறைபொருள் கொண்ட வசனங்களின் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறியார் என்று அங்கே நிறுத்தினால் ஒரு பொருள். இன்றைய அச்சுப் பிரதிகளில் நிறுத்தற்குறி அங்கேதான் இருக்கிறது. ‘அல்லாஹ்வும் அறிவில் உறுதி பெற்றோரும்’ என்று சேர்த்து ஓதினால் வேறொரு பொருள். இப்னு ருஷ்து சேர்த்தே ஓதுகிறார். ஆனால் அவருடைய அடுத்த வாதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அப்படிக் கண்டடைந்த விளக்கங்களைப் பொதுமக்கள் முன் கொட்டக் கூடாது, அது அவர்களுடைய நம்பிக்கையைக் குலைக்கும். எல்லோருக்குமான சுதந்திரச் சிந்தனை என்ற படம் அவருக்குப் பொருந்தாது.

அப்புறம், கலாமையும் (மார்க்கக் கொள்கையை வாதத்தால் ஆராயும் இறையியல்) ஃபல்ஸஃபாவையும் (கிரேக்க மரபில் வந்த தத்துவம்) ஒன்றாகக் குழப்ப வேண்டாம். கலாமின் இரு பிரிவினரான முஃதஸிலாக்களும் அஷ்அரீக்களும் வஹீயில் (இறைவன் அருளிய செய்தியில்) தொடங்கி அதை வாதத்தால் காத்தவர்கள். இப்னு சீனாவின் வழி நிரூபணத்தில் தொடங்குவது. 1210-ல் இறந்த ஃபக்ருத்தீன் ராஸீயிடம் இரண்டும் கலந்துவிடுகின்றன. அவர் இப்னு சீனாவின் நூலுக்கும் உரை எழுதினார், குர்ஆனுக்குப் பெரும் தஃப்ஸீரும் (விளக்கவுரையும்) எழுதினார்.

கதை இப்னு ருஷ்தோடு முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிடவும் வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் ஈரானின் ஷீராஸ் நகரத் தத்துவவாதி முல்லா ஸத்ரா, பொருள்கள் தம் சாரத்திலேயே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன என்றார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது 27:88: அசையாமல் நிற்பதாக நீ நினைக்கும் மலைகள் மேகங்களைப் போல் கடந்து செல்கின்றன. முந்தைய வசனத்தில் எக்காளம் ஊதப்படுகிறது. அதனால்தான் முஃபஸ்ஸிர்களில் (குர்ஆன் விளக்கவுரையாளர்களில்) பெரும்பாலோர் இதை இறுதி நாளின் காட்சியாகவே கொண்டார்கள். ஸத்ராவைப் படிப்பவர் 27:87-ஐயும் சேர்த்துப் படித்துவிட்டு அவரோடு வாதாடலாம்.