முதலில் போஸ்டர், அப்புறம் கேமரா

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கல்லூரிப் பிள்ளைகள் ஹார்டு டிஸ்க்கோடு வந்து நிற்பார்கள். "அக்கா, ப்ராஜெக்ட். நாலு நிமிஷப் பாட்டு. வெள்ளிக்கிழமை சப்மிஷன். போஸ்டர், டீசர் எல்லாம் சேர்த்துக் கேட்கிறாங்க." டிஸ்க்கைத் திறந்தால் நூற்றைம்பது கிளிப் இருக்கும், போஸ்டருக்கு ஆகிற படம் ஒன்றுகூட இருக்காது. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள். பாடுகிறவரின் வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, வீசிய கை புகையாக இழுத்திருக்கும். வீடியோவில் வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு ஐம்பதில் ஒரு நொடி போல வெளிச்சம் விழுகிறது, அதற்குள் கை நகர்ந்துவிடும். ஓடும்போது அழகாகத் தெரிவது, நிறுத்தி அச்சடித்தால் அசிங்கம்.

அதனால் பாட்டு கையில் வந்ததும் கேமராவைத் தொடாதீர்கள். ஒரு பழைய நோட்டில் பென்சிலால் போஸ்டரை வரையுங்கள். ஓவியம் வராது என்றால் குச்சி மனிதர் போதும். யார் நிற்கிறார், எங்கே நிற்கிறார், பின்னால் என்ன, தலைப்பு எந்தப் பக்கம், உடுப்பு என்ன நிறம். ஒரு குழு வரைந்தது இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது: படித்துறையின் கடைசிப் படியில் ஒரு பெண், கால் தண்ணீரில், அரக்குப் பாவாடை, மேலே வெறும் வானம், வானத்தில் தலைப்பு. அந்தக் கிறுக்கலிலேயே பாதித் திட்டம் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டும், ஆகவே ஏப்ரலில் முடியாது. வானம் நிறைய வேண்டும், ஆகவே கேமரா தாழ வைக்கணும். அரக்கு முடிவாகிவிட்டது, ஆகவே தலைப்பு, டீசர், தம்ப்நெயில் எல்லாவற்றிலும் அதே அரக்கு.

தண்ணீர் என்றதும் நம்ம ஊர் காலண்டரைச் சொல்லியாக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மேட்டூரில் இருப்பு சரியாக இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள், சில நாளில் கல்லணைக்கு வரும், கடைமடைக்கு இன்னும் நாளாகும். ஆடிப்பெருக்கு சமயத்தில் படித்துறை எல்லாம் நிறைந்து, கூட்டமும் நிறைந்திருக்கும். சம்பா நட்ட வயல் ஐப்பசி, கார்த்திகையில் கண்ணை உறுத்துகிற பச்சை, ஆனால் அப்போதுதான் மழையும். தை பிறந்தால் பொன் நிறம். மாசியில் அறுத்த நெல்லின் அடித்தாள்தான், நடுவே உளுந்து முளைத்துக் கிடக்கும். பல கல்லூரிகளில் ப்ராஜெக்ட் கொடுக்கும் தேதி பங்குனியை ஒட்டி வருகிறது. "பச்சை வயலே" என்று பல்லவி எழுதிவிட்டு மார்ச்சில் கேமராவைத் தூக்கினால், கணுக்கால் உயர உளுந்தைத்தான் காட்ட முடியும். ஒன்று டிசம்பரிலேயே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் வறண்ட ஆற்று மணலுக்கு ஏற்ற பாட்டாக எழுதுங்கள். மணல் ஒன்றும் மட்டமில்லை. நடு ஆற்றில் ட்ரம்ஸ் செட்டைப் போட்டு ஒரு குழு எடுத்தது, நான் எடிட் செய்த மாணவர் வீடியோக்களில் அதுதான் இன்றும் எனக்குப் பிடித்தது.

இன்னொன்று, வயலில் எடுப்பதை ஒரே நாளில் முடியுங்கள். நான் படிக்கும்போது பாபநாசம் பக்கம் ஒரு வயலில் பாதி எடுத்துவிட்டு, மீதி அடுத்த ஞாயிறு என்று வந்துவிட்டோம். புதன்கிழமை அறுவடை மெஷின் இறங்கிவிட்டது. முதல் சரணத்தில் கதிர் ஆடுகிறது, அதே சரணத்தின் நாலாவது வரியில் மொட்டை வயல். கதாநாயகன் சோகத்தில் இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தோம். ஆசிரியர் நம்பவில்லை.

பாட்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். சினிமாப் பாட்டையோ அதன் கரோக்கியையோ வைத்தால் யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். நடவுப் பாட்டு, தெம்மாங்கு மாதிரி வழிவழியாக வருகிற மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி அவருக்குச் சொந்தம். ஆகவே நீங்களே பாடிப் பதிவு செய்யுங்கள். நண்பன் மெட்டுப் போட்டிருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள். இன்றைய நண்பன்தானே என்று விடாதீர்கள். ஷூட்டிங்குக்கு முன்னால் பாட்டின் மிக்ஸ் முடிந்திருக்க வேண்டும், இதில் தாட்சண்யமே கூடாது. எடுத்து முடித்த பிறகு "வேகம் கொஞ்சம் கூட்டியிருக்கோம் அக்கா" என்று ஒரு குழு வந்தது. ஒரு உதடுகூட ஒட்டவில்லை. ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஆக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சும்மா தட்டி அனுப்பினால் நசுங்கிவிடும்.

அப்புறம் ஒரு தாள். பாட்டை ஓடவிட்டு வரிக்கு வரி நேரம் குறியுங்கள். என் தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: "0:42 முதல் 0:51, அனுபல்லவி முதல் வரி, மதகு மேல், இடுப்பளவு, அரக்குப் பாவாடை, காலை வெயில்." அவ்வளவு போதும். ஆனால் பாட்டு வரிசையில் எடுக்காதீர்கள், இடத்தின் வரிசையில் எடுங்கள். மதகில் பாட்டின் எந்தெந்த வரி வந்தாலும் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் கடைசி வரியாக "போட்டோ, 10 நிமிடம்" என்று எழுதுங்கள். ஷூட்டிங் சூட்டில் மறந்துபோவது இதுதான்.

போன் கேமரா போதும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை குறுக்கே போனதும் படம் இருண்டு தெளியும். ஒரு போனில் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் எல்லா போனிலும் 30. டியூப் லைட் உள்ள அறையில் படம் துடித்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியோ நூறில் ஒரு நொடியோ வையுங்கள், நம்ம மின்சாரத்தின் துடிப்போடு அது ஒத்துப்போகும். ரிஃப்ளெக்டருக்கு ஒரு தெர்மாகோல் அட்டை. டெல்டா சமவெளி என்பதால் விடிந்ததும் வெயில் தரையோடு படுத்து வரும், ஆறரை முதல் எட்டு வரை விடவே விடாதீர்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வயலுக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வேர்த்துவிடும், முந்தின ராத்திரியே திண்ணையில் வைத்துவிடுங்கள்.

பாட்டை ஓடவிடுகிற ஸ்பீக்கர் பாடுகிறவரின் காலடியில் இருக்கட்டும், கேமரா பக்கத்தில் வேண்டாம். தூரத்தில் நின்று எடுத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை நான் தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். குடமுருட்டி ஆற்றில் இக்கரையில் கேமரா, அக்கரையில் பாடுகிற பையன், நடுவில் எழுபது மீட்டர் போல இருக்கும். ஸ்பீக்கர் அவனிடம்தான் இருந்தது, அதுவரை சரி. எடிட்டில் கேமரா பிடித்த சத்தத்தையும் பாட்டையும் பொருத்தினேன். சத்தம் கச்சிதமாக உட்கார்ந்தது, உதடு மட்டும் முந்திக்கொண்டு போனது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். எழுபது மீட்டர் கடக்க ஐந்தில் ஒரு நொடி. என் 25 ஃபிரேம் கணக்கில் ஐந்து ஃபிரேம். அந்தக் கிளிப்பை ஐந்து ஃபிரேம் தள்ளி வைத்ததும் உதடு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்று எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்லோ மோஷனிலும் உதடு ஒட்ட வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவர் அந்த வேகத்திலேயே வாயசைக்க, நொடிக்கு இரட்டை ஃபிரேமில் எடுங்கள். எடிட்டில் பாதி வேகமாக்கினால் பாவாடை மெல்ல அலையும், வாய் பாட்டோடு போகும். முந்தின நாளே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை கேட்டதும் எல்லோரும் சிரித்துக் கவிழ்வார்கள், அதற்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

நாகசுரம், தவில் வருகிற பாட்டு என்றால் நிஜக் கலைஞர்களையே கூப்பிடுங்கள். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரமே செய்கிறார்கள், பார்க்கிற பெரியவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், விரலைப் பார்ப்பார்கள். நான் ஒருமுறை ஃபிரேம் அழகுக்காக ஒரு ஷாட்டை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது கை விரல்களில் மாட்டுகிற கெட்டியான உறையான கூடும் இடது கையில் பூவரசங்குச்சியுமாகத் தவில் வாசித்தவர், என் வீடியோவில் வலது கையில் குச்சி பிடித்திருந்தார். போட்டுக் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "பாப்பா, என்னை எப்ப மாத்துன?" என்று மட்டும் கேட்டார். போனின் முன்பக்க கேமராவிலும் இப்படித் திருப்பிப் பதிவாக வாய்ப்பு உண்டு, செட்டிங்கைப் பாருங்கள்.

அனுமதி விஷயம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் மத்திய தொல்லியல் துறையிடம் இருக்கின்றன, முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் ஷூட்டிங் நடக்காது. அறநிலையத் துறைக் கோயில்களில் செல்போனையே தடுக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கோபுரம் வேண்டுமென்றால் தெருவிலிருந்து தூரத்தில் தெரிகிற மாதிரி வையுங்கள். ட்ரோன் சின்னதுதானே என்று பறக்கவிடாதீர்கள், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ட்ரோனுக்காக அரசு வைத்திருக்கிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வயலுக்கு அனுமதி சுலபம்: வயல்காரரை முந்தின நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள், "மாமா, வரப்பை விட்டு இறங்க மாட்டோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். நடவு நடுகிற அம்மாக்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. குனிந்து வேலை செய்கிறவரின் முதுகுப் பக்கம் கேமராவோடு போய் நிற்பது மரியாதையும் இல்லை.

எடிட் பற்றி நீட்ட மாட்டேன். பாட்டு முழுவதையும் நிறுத்தாமல் எடுத்த ஒரு டேக்கை அடியில் நீளமாகப் போட்டுவிட்டு, மேலே மற்றதை நறுக்கி வையுங்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் வெட்டினால் தலை சுற்றும்.

இனி விளம்பரம். போஸ்டருக்கு எடுத்த அந்தப் பத்து நிமிடப் படம்தான் எல்லாவற்றுக்கும் தாய். அகலமாக ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று எடுத்து வையுங்கள். யூடியூப் தம்ப்நெயில் 1280க்கு 720 பிக்சல், ரீல்ஸும் ஸ்டேட்டஸும் 1080க்கு 1920. தம்ப்நெயிலின் வலது கீழ் மூலையில் எதையும் எழுதாதீர்கள், வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும். டீசர் இருபது நொடி போதும், பல்லவியின் முதல் வரியை முழுசாகக் கொடுத்துவிடாமல் பாதியில் நிறுத்துங்கள்.

தமிழ் எழுத்தில் கவனம். பழைய ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் "கொள்ளிடம்" என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிய்ந்து நிற்கும். ஃப்ளெக்ஸ் கடைக்கு வாக்கியத்தை டைப் செய்து அனுப்பாதீர்கள். அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவில் திரும்ப அடிப்பார்கள். எங்கள் முதல் ஃப்ளெக்ஸில் "குரல்" என்று எழுதி அனுப்பியது "குறள்" என்று வந்து, பாடிய பெண்ணை ஒரு வருஷம் வள்ளுவர் என்றே கூப்பிட்டார்கள். எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக (கர்வ்) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள், அச்சுக்கு முன் மூன்று பேர் சத்தமாகப் படியுங்கள்.

கியூஆர் கோடு வைத்தால் நிற்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வையுங்கள்: ஒரு மீட்டரில் நிற்பவருக்குப் பத்து சென்டிமீட்டர். வெளிர் பின்னணியில் கறுப்பு. அரக்கின் மேல் பொன் நிறத்தில் ஒரு பையன் போட்டான், அழகாகத்தான் இருந்தது, ஒரு போனும் படிக்கவில்லை. சாலையோரம் ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள், அனுமதி வேண்டும், ஆபத்தும்கூட. கல்லூரி வாசலுக்குள் ஒன்று, பாட்டைத் திரையிடுகிற இடத்தில் ஒன்று, மற்றதற்கு ஏ3 போஸ்டரும் டீக்கடையில் கொடுக்க பிட் நோட்டீசும் போதும்.

ஃப்ளெக்ஸுக்கு ஓரத்தில் வளையம் அடிக்கச் சொல்லுங்கள், பத்துக்கு ஆறு அடி எடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வயல்காரர் மாமா அதைக் கேட்பார். போன வருஷம் சித்திரையில் அந்த வழியாகப் போனபோது அரக்குப் பாவாடைப் பெண்ணின் முகத்தின் மேல் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது.